10-க்கு 10 ரூமுக்கு எவ்வளவு பெரிய ஸ்பீக்கர் வேணும்? 'பேஸ்' ஆசையில் பணத்தை விடாதீங்க!

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என தோல் தொழில் நடக்கும் ஊர்களில் 10-க்கு 10 வாடகை ரூம் ரொம்ப சகஜம். காட்பாடி பக்கம் தங்கிப் படிக்கும் பசங்க, ஷூ கம்பெனியில் டிசைன், ஏற்றுமதி செக்‌ஷனில் இருப்பவர்கள் எனப் பலருக்கும் ஒரு சின்ன ஆசை இருக்கும். கம்ப்யூட்டர் டேபிள் மேல ஒரு ஜோடி நல்ல ஸ்பீக்கர், ராத்திரி நிம்மதியா இளையராஜாவோ ரஹ்மானோ!

ஆசையோடு கடைக்குப் போனால், "8 இன்ச் வூஃபர் சார், ரூமே அதிரும்" என்பார்கள். உண்மைதான், அதிரும். பிரச்னையே அதுதான்.

ரூம் ஏன் 'கும்' என்கிறது?

ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். 10 அடி என்பது 3.05 மீட்டர். இரண்டு சுவர்களுக்கு நடுவில் இந்தத் தூரம் இருந்தால், 56 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலி சுவரில் பட்டுத் திரும்பி, அடுத்து வரும் ஒலியோடு சரியாகச் சேர்ந்துகொள்ளும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் உயர உயரப் போகுமே, அந்த மாதிரி.

பேஸ் கிடாரில் 'ஏ' கம்பியை விரல் வைக்காமல் மீட்டினால் வரும் சுரம் 55 ஹெர்ட்ஸ். கிட்டத்தட்ட உங்க ரூமின் எண்ணே அதுதான்! அதனால் பாட்டில் அந்தச் சுரம் வரும்போது மட்டும் ரூம் 'கும்ம்ம்' என்று இழுக்கும். பக்கத்துச் சுரங்கள் சாதாரணமாகவே கேட்கும். பேஸ் லைன் ஒரே சீராக வராமல், இடையில் யாரோ வால்யூமைத் திருகுவது போல இருக்கும்.

நீளமும் அகலமும் 10 அடியாக இருந்தால் இந்தக் கோளாறு இரட்டிப்பு. கூரையும் 10 அடி உயரம் என்றால் மூன்றும் ஒரே இடத்தில் வந்து விழும். ஒலிக்கு இதைவிட மோசமான வடிவம் கிடையாது. ரூம் 10-க்கு 12 என்றால் கொஞ்சம் தப்பித்தீர்கள். 12 அடிப் பக்கத்தின் எண் 47 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, இரண்டும் பிரிந்துவிடும்.

அப்போ எந்த சைஸ் வாங்கலாம்?

3.5 முதல் 4 இன்ச் வூஃபர் போதும். இந்த அளவு ஸ்பீக்கர்கள் பொதுவாக 60 முதல் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தத்தைக் குறைத்துவிடும். கடைக்காரர் இதைக் குறை என்பார். 10-க்கு 10 ரூமில் இதுதான் ப்ளஸ், ஏன்னா ரூமைக் கிளப்பிவிடும் 56 ஹெர்ட்ஸை இது பெருசா தொடாது. சுவருக்குப் பக்கத்தில் வைப்பதால் பேஸ் தானாகவே கொஞ்சம் கூடும். மிச்சத்தை மேல் சுரங்களிலிருந்து நம் மூளையே ஊகித்துக்கொள்ளும். கையளவு போனில் பேஸ் கிடார் வாசிப்பு புரிவது இப்படித்தான்.

சின்னப் பெட்டி என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். 1970-களில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காகவே எல்எஸ்3/5ஏ என்ற ஸ்பீக்கரை உருவாக்கியது. உயரம் ஒரு அடிதான், 5 இன்ச் வூஃபர். வேனுக்குள் உட்கார்ந்து குரலைத் துல்லியமாகக் கேட்கச் செய்த அந்த டிசைனை இன்றும் சில நிறுவனங்கள் உரிமம் வாங்கித் தயாரிக்கின்றன. வேனைவிட உங்க ரூம் பெருசுதானே?

டேபிளுக்கு என்றால், ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் 'ஆக்டிவ்' ஸ்பீக்கர் போதும். தனி ஆம்ப் செலவு மிச்சம். எடிஃபையர் ஆர்1280டி, பிரிசோனஸ் எரிஸ் 3.5 போன்றவை இந்த ரகம். பெட்டியில் போட்டிருக்கும் 'பிஎம்பிஓ' வாட்ஸை மட்டும் நம்பவே நம்பாதீங்க. அதை அளக்கப் பொதுவான விதி எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கில் போடலாம், போடுகிறார்கள். பார்க்க வேண்டியது 'ஆர்எம்எஸ்'. மேலே சொன்ன எடிஃபையருக்கு அது இரண்டு பெட்டிக்கும் சேர்த்து 42 வாட்ஸ்தான். மூணு அடி தூரத்தில் உட்கார்ந்து கேட்க அதுவே அதிகம்.

எங்கே வைக்கணும்?

இந்த இடத்தில் பைசா செலவில்லை, ஆனால் பலன் அதிகம். டேபிளை மூலையில் தள்ளாமல் ஒரு சுவரின் நடுவில் போடுங்க. மூலை, பேஸை இன்னும் ஊதிப் பெருக்கும். இரண்டு ஸ்பீக்கரும் உங்க தலையும் சம முக்கோணமாக இருக்கட்டும், பக்கத்துக்கு இரண்டரை முதல் மூணு அடி. ட்வீட்டர் காது உயரத்துக்கு வரணும். ஸ்டாண்ட் இல்லையா? கெட்டியான பழைய புத்தகங்களை அடுக்கி, பெட்டியைக் கொஞ்சம் மேல்நோக்கிச் சாய்த்தால் டேபிளில் பட்டுத் தெறிக்கும் ஒலியும் குறையும்.

காது, முன் சுவரிலிருந்து மூன்றரை, நாலு அடியில் இருந்தால் நல்லது. ரூமின் நட்டநடுவில் அந்த 56 ஹெர்ட்ஸ் காணாமல் போகும். பின் சுவரில் சாய்ந்து கேட்டால் எகிறும். பெட்டியின் பின்பக்கம் ஓட்டை இருந்தால் சுவரிலிருந்து அரை அடியாவது தள்ளி வைங்க. இடமே இல்லை என்றால் ஒரு பழைய சாக்ஸைச் சுருட்டி ஓட்டையில் செருகலாம். சிரிக்காதீங்க, நிஜமாவே வேலை செய்யும்.

சுவரில் முட்டை ட்ரே ஒட்டுவது வீண். நம்ம ஊரில் சல்லிசாகக் கிடைக்கும் தோல் துண்டுகளை ஒட்டலாமா என்றால், அதுவும் உதவாது. ஃபினிஷிங் முடிந்த தோலுக்குள் காற்று புகாது, காற்று புகாவிட்டால் ஒலியை உறிஞ்சாது. பின் சுவரில் சாய்த்து வைத்த இலவம் பஞ்சு மெத்தை எவ்வளவோ மேல். தோலுக்கு ஸ்பீக்கரோடு வேறொரு பழைய உறவு உண்டு. ஆரம்பகால ஸ்பீக்கர்கள் சிலவற்றில் கூம்பைச் சுற்றி நெகிழ்ந்து கொடுக்கும் வளையமே மெல்லிய தோலில் செய்ததுதான்.

வால்யூமில் ஜாக்கிரதை

டேனரி டிரம், தையல் மெஷின் சத்தத்தில் நாள் முழுக்க நின்றுவிட்டு வந்தால் சில மணி நேரம் காது மந்தமாக இருக்கும். அந்த நேரத்தில் 'சரியா கேக்கலையே' என்று வால்யூமைக் கூட்டுவது ஆபத்து, ஏற்கெனவே களைத்த காதுக்கு மேலும் அடி. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம் என்பது உலக சுகாதார அமைப்பு சொல்லும் பாதுகாப்பான அளவு. கிட்ட உட்கார்ந்து கேட்டால் குறைந்த வால்யூமே போதும். குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல் என்பது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி. சுவரைத் தாண்டிப் போவது பேஸ்தான். ஹவுஸ் ஓனர் கதவைத் தட்டுவதும் அதற்காகத்தான்.

செகண்ட் ஹேண்டில் வாங்கப் போறீங்களா?

இந்த பெல்ட்டுக்கு ஒரு பக்கம் சென்னை ரிச்சி தெரு, மறு பக்கம் பெங்களூரு எஸ்.பி. ரோடு. பழசு வாங்கினால் வூஃபரைச் சுற்றியுள்ள வளையத்தை முதலில் பாருங்க. ஃபோம் என்றால் வருடங்கள் ஆக ஆகப் பொடிந்து உதிரும். வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூருக்கு ரப்பர் வளையம்தான் சரி. லேப்டாப் சார்ஜரைச் செருகியதும் 'உர்ர்' என்று இரைந்தால் சட்டென ஸ்பீக்கரைக் குறை சொல்ல வேண்டாம். சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்க. இரைச்சல் நின்றால், பார்க்க வேண்டியது வீட்டு எர்த்திங்கை. அதற்காக மூணு பின் பிளக்கில் எர்த் பின்னை உடைத்துவிடாதீங்க, ஷாக் அடிக்கும்.