கல்வராயன் மலையில் பல்லூடகம்

எழுத்து, ஒலி, படம், அசைவூட்டம், காணொளி ஆகியவற்றை ஒரே கருவியில் இணைத்து, எதை எப்போது எத்தனை முறை பார்ப்பது என்பதைப் பயன்படுத்துவோரே தீர்மானிக்குமாறு அமைப்பதைப் பல்லூடகம் என்பர். இவ்வரையறையின் பிற்பாதி எவ்வளவு முக்கியமானது என்பது, 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் தெளிவாகப் புலப்படும்.

தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டு, பெருந்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்த 2020இல் வகுப்பறைக்கு மாற்றாக நின்றது; எனினும் ஒளிபரப்பு ஒருவழிப் பாதை என்பதால், புரியாத இடத்தில் மாணவர் அதை நிறுத்த இயலாது, மின்சாரம் நின்றால் அன்றைய பாடமும் நின்றுவிடும். 2018 முதல் வெளிவந்த புதிய பாடநூல்களின் விரைவுக் குறியீடு, அதாவது கைப்பேசியின் கேமராவைக் காட்டியதும் அப்பாடத்துக்குரிய காணொளியைத் திறக்கும் கட்டம், இக்குறையைத் தீர்த்தது. ஆனால் அதற்கு இணையம் வேண்டும். மக்கள் மொழியில் சொன்னால், டவர் கிடைக்க வேண்டும்.

கைப்பேசி அலைகள் பெரும்பாலும் நேர்க்கோட்டில் செல்வதால், இடையே ஒரு மலைமுகடு வந்தாலே அதற்கப்பாலுள்ள பள்ளத்தாக்கு நிழலில் விழுந்ததுபோல் ஆகிவிடுகிறது. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்திலுள்ள தொலைக்காட்சிச் செயற்கைக்கோளின் அலையோ வானிலிருந்து நேரே கூரைமேலுள்ள டிஷ்ஷை வந்தடைகிறது. எட்ட இருக்கும் கோள் எட்டிவிட, அடுத்த ஊர்க் கோபுரம் எட்டாமற்போகும் இந்த முரணால், மலையூர்களில் தொலைக்காட்சியில் திரைப்படம் வந்து சேரும் அளவுக்கு இணையத்தில் பாடம் வந்து சேர்வது எளிதன்று. அலை கிடைக்கும் இடத்தில் காணொளியைப் பதிவிறக்கி, மெமரி கார்டிலோ மடிக்கணினியிலோ சேமித்துப் பள்ளிக்குக் கொண்டுசெல்வதே இங்குப் பொருந்தும் வழி. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில், மாணவர் அங்கேயே தங்குவதால், மாலை நேரத்திலும் அது பயன்படும்.

அன்றாட வாழ்வில் பல்லூடகம் தந்த பெரும் வசதி காணொளியன்று, குரல் செய்தி எனலாம். இம்மலையில் வாழும், தமிழின் ஒரு வட்டார வழக்கைப் பேசும் மலையாளிப் பழங்குடியினருள் எழுதப் பழகாத முதியோரும், மரவள்ளியின் விலையைக் கேட்கவோ வெளியூரில் கூலி வேலைக்குச் சென்ற மகனிடம் பேசவோ எழுத்தின் துணையை நாட வேண்டியதில்லை. டவர் இல்லாதபோது பதிவுசெய்த குரல், அலை கிடைத்ததும் தானே புறப்பட்டுவிடும். பாடக் காணொளிகளோ பெரும்பாலும் பாடநூலின் பொதுத்தமிழிலேயே பேசுகின்றன. மலைப்பேச்சில் அவற்றை விளக்கிச் சொல்ல ஓர் ஆசிரியர் அருகிலிருந்தே ஆகவேண்டும்.