முருங்கையை வெட்ட வேண்டாம், கம்பளிப்பூச்சிக்கு வழி இருக்கிறது!

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் மூலக்குளத்தில் முருங்கை வைத்திருக்கும் வீடுகளில் ஒரு கவலையும் தொடங்கிவிடும். ஒருநாள் காலையில் பின்கதவைத் திறந்தால், மரத்தின் தண்டில் பழுப்புக் கம்பளியைச் சுற்றியதுபோலப் புழுக்கள் அப்பிக்கிடக்கும். கொடியில் காயும் சட்டையில் ஒன்று விழுந்து, அதைக் கவனிக்காமல் பிள்ளைக்குப் போட்டுவிட்டால் அன்று முழுக்க அரிப்புதான். கிளை மதிலைத் தாண்டியிருந்தால் பக்கத்து வீட்டோடு மனஸ்தாபம் வேறு. கடைசியில் ஆளைக் கூப்பிட்டு மரத்தையே வெட்டிவிடுகிறார்கள். வாரம் இரண்டு நாள் கீரை கொடுத்த மரம்!

வெட்டத் தேவையில்லை. இந்தப் புழுவைப் பிடிக்க அதன் பழக்கமே உதவுகிறது. மழைக்குப் பிறகு மண்ணிலிருந்து வெளிவரும் பெரிய அந்துப்பூச்சி, இலையிலும் இளந்தண்டிலும் கும்பலாக முட்டையிடும். பொரிந்து வரும் புழுக்கள் இரவில் ஏறி இலையைத் தின்னும். பகலில் தண்டில் இறங்கி ஒன்றாக ஒட்டிக்கிடக்கும். அதுதான் சமயம். நீளக் கம்பில் பழந்துணியைக் கட்டி, சோப்புத் தண்ணீர் நிரப்பிய அகன்ற வாளிக்குள் வழித்துத் தள்ளினால் பெரும்பகுதி ஒழிந்துவிடும். முழுக்கைச் சட்டை, கையுறை, கண்ணாடி அவசியம். கிராமங்களில் தீப்பந்தம் காட்டுவது வழக்கம். ஆனால் சுவரோடு சுவராக வீடும் தலைக்கு மேல் மின்கம்பியும் உள்ள நகர்த் தெருவுக்கு அது சரிப்படாது. புழு மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாகும் என்பதால், மரத்தடி மண்ணையும் கொத்திவிட வேண்டும். மழைக்கு முன்பே கிளைகளைக் கழித்து, மரத்தைக் கைக்கெட்டும் உயரத்தில் வைத்திருந்தால் பாதி வேலை மிச்சம்.

ரோமம் தோலில் பட்டால் தேய்க்கக் கூடாது. தேய்த்தால் இன்னும் ஆழமாக ஏறும். செலோ டேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துவிட்டு, பிறகு சோப்புப் போட்டுக் கழுவலாம். கண்ணில் பட்டாலோ, மூச்சு வாங்கினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

கடையில் கிடைக்கும் பூச்சி மருந்தை வாங்கி அடித்துவிடலாமே என்று தோன்றும். நாளைக்கே பொரியலுக்குப் பறிக்கப் போகும் கீரையில் அதை எப்படி அடிப்பது? வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். வெயில் பட்டால் வேம்பின் வீரியம் குறையும், அதனால்தான் மாலை நேரம். புழு உடனே சாகாது, தின்பதை நிறுத்தும். சில நாள் பொறுத்து, இலையை நன்றாகக் கழுவிச் சமைக்கலாம்.

கத்தரிச் செடியில் இலை சல்லடையாகிக் கிடந்தால், கரும்புள்ளி போட்ட வண்டைத் தேடுங்கள். பொறிவண்டு போலவே இருக்கும். பளபளவென்று இருந்தால் அது அசுவினியைத் தின்னும் நல்ல வண்டு. மங்கலாக, மெல்லிய ரோமத்தோடு இருந்தால் இலையைச் சுரண்டும் வண்டு. சந்தேகம் வந்தால் இலையோடு ஒரு டப்பாவில் போட்டு, குரும்பாபேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேட்கலாம். மூலக்குளத்துக்காரர்களுக்கு அது பக்கம்தானே!

கறிவேப்பிலைப் புழு கதை வேறு. முதலில் பறவை எச்சம் போலவும், வளர்ந்ததும் இலைப் பச்சையாகவும் இருக்கும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பு நீட்டி நாற்றம் விடும், அவ்வளவுதான், அரிக்காது. தொட்டிச் செடி என்றால் நாலைந்து புழு சேர்ந்து மொட்டையடித்துவிடும். கையால் எடுத்து எலுமிச்சை மரத்தில் விட்டுவிடலாம், அதுவும் இதற்குத் தீனிதான். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த கறிவேப்பிலையில் இருந்தால் விட்டுவிடுங்கள். சில வாரத்தில் வண்ணத்துப்பூச்சியாகிப் பறக்கும்; பிள்ளைகளுக்குக் காட்ட மறக்காதீர்கள்.