கை அசைந்தால் போதுமா... வேலைக்குத் திரும்ப வேண்டாமா?

பக்கவாதம் வந்தவரைப் பார்க்கப் போகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, ‘கை, கால் அசையுதா?’ என்பதுதான். அசைகிறது என்றதும், ‘அப்பாடா, கண்டம் தப்பிச்சது!’ என்று ஆப்பிளை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். ஆனால், படுத்திருப்பவரின் மனசில் ஓடுவது வேறு: ‘மறுபடி நான் சம்பாதிப்பேனா?’

இந்தக் கேள்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது... ஆக்குபேஷனல் தெரபி. தொழில்வழிச் சிகிச்சை என்று சொல்லலாம். பிசியோதெரபி முக்கியமாகத் தசைக்கும் மூட்டுக்கும் பலம் சேர்க்கிறது. அந்தப் பலத்தை வைத்துச் சட்டைப் பொத்தான் போட, சாதம் பிசைய, பிழைப்பைப் பார்க்கப் பழக்குவது தொழில்வழிச் சிகிச்சை.

வேலூர் தந்த பாடம்

1940-களின் கடைசியில், வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். கை சரியாயிற்று. ஆனால், ஊரில் யாரும் வேலை தரவில்லை. பிச்சை எடுத்துப் பிழைத்தவர்களுக்கு, கை நன்றாகிவிட்டதால் அதுவும் போச்சு!

அவர் தொடங்கிய நவஜீவ நிலையத்தில் இவர்களுக்குத் தச்சு வேலை கற்றுத்தரப்பட்டது. அங்கே இன்னொன்றும் புரிந்தது. மரத்துப்போன கைக்கு வலி தெரியாது. கரடுமுரடான கைப்பிடியே புண்ணாக்கிவிடும். எனவே, கருவியையும் கைக்குத் தக்கபடி மாற்ற வேண்டும்.

அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ், 1954-ல் நடந்த விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆபரேஷன் செய்தார். பிறகு அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் அங்கே மறுவாழ்வு நிலையம் உருவானது.

கடற்கரையில் ஒரு வகுப்பு

என்னிடம் வந்தவர் கனகசெட்டிக்குளத்து மீனவர். பக்கவாதத்துக்கு ஆஸ்பத்திரி சிகிச்சை முடிந்து, மருந்தும் தொக்கணமும் வேண்டி வந்தார். சில மாதங்களில் வலது கை ஓரளவு இளகியது. ஆனாலும் வீட்டில் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார்.

நான் சொல்லி, தொழில்வழிச் சிகிச்சைப் பிரிவுக்குப் போனார். அங்கே பயிற்சியில் இருந்த மாணவி, ‘கையைத் தூக்குங்க’ என்று ஆரம்பிக்கவில்லை. “அண்ணா, காலையில எழுந்ததுலேர்ந்து என்னென்ன வேலை செய்வீங்க? ஒண்ணொண்ணா சொல்லுங்க” என்று கேட்டு எழுதிக்கொண்டார். படகில் ஏறுவது, கயிறு இழுப்பது, மீன் பிரிப்பது, வலை சரிசெய்வது... தன் ஆசிரியையோடு கடற்கரைக்கே வந்து பார்த்தார்.

முதலில் வலையைப் பிடித்துக்கொள்வது மட்டும் வலது கையின் வேலை. ஊசி இடது கையில். பிறகு மீன் பிரிப்பது. கயிறு இழுப்பது கடைசி. நிதானம் போதாததால் அவர் இன்னும் கடலுக்குப் போகவில்லை. ஆனால், கரையில் வலை வேலைக்குக் கூலி வருகிறது. “இப்பதான் முகத்துல சிரிப்பே வந்திருக்கு” என்கிறார் அவர் மனைவி.

இதையெல்லாம் புத்தகம் மட்டும் கற்றுத்தராது. அதனால்தான் இந்தப் படிப்பில் குறைந்தது 1,000 மணி நேரமாவது நேரடிப் பயிற்சி வேண்டும் என்கிறது இத்துறையின் உலகக் கூட்டமைப்பு. மாணவர் உங்கள் வீட்டுக்கு வந்து சமையலறையைப் பார்க்க வேண்டும் என்றால், ‘இந்தச் சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும்?’ என்று நினைக்காதீர்கள். மேலே ஆசிரியர் கண்காணிப்பார்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

* கரண்டி, பேனாவின் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்குங்கள். பிடிப்பது சுலபம்.
* பாத்திரத்துக்கு அடியில் ஈரத்துணி போட்டால் வழுக்காது.
* ஒரு கையால் காய் நறுக்க அரிவாள்மனை வேண்டாம். துருப்பிடிக்காத இரண்டு ஆணி அடித்த பலகையில் காயைக் குத்தி நிறுத்தலாம்.
* மரத்த கையால் சூட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டாம்.
* ஆபீஸ் போகிறவர் முதலில் அரை நாள் வேலை கேட்கலாம்.

ஒன்றை மறக்காதீர்கள். திடீரென முகம் கோணினால், கை தொய்ந்தால், பேச்சு குழறினால், எண்ணெய் தேடாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எங்கள் தொக்கணமெல்லாம் பிறகுதான்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது, ‘என்ன மாத்திரை?’ என்பதோடு, ‘இவர் வேலைக்குத் திரும்ப யாரைப் பார்க்கணும் டாக்டர்?’ என்றும் கேளுங்கள். வீட்டுக்கு வந்தபின், பொத்தான் போட அவருக்குப் பத்து நிமிஷம் ஆனாலும், பொறுமையாகப் பக்கத்தில் இருங்கள்.