கடவுளின் நகரம் (திரைப்படம்)

கடவுளின் நகரம் (போர்த்துக்கீசம்: சிடாஜி ஜி தேயுஸ்) என்பது 2002ஆம் ஆண்டு வெளிவந்த பிரேசில் நாட்டுக் குற்றவியல் திரைப்படம் ஆகும். பெர்னாண்டோ மெய்ரெலஸ் இயக்கினார். கேட்டியா லுண்ட் இணை இயக்குநர். பாலோ லின்ஸ் 1997இல் எழுதிய அதே பெயருடைய புதினமே இதன் மூலம். ரியோ டி ஜெனீரோவின் ஒரு குடியிருப்பில் 1960களின் இறுதி முதல் 1980களின் தொடக்கம் வரை போதைப்பொருள் கும்பல்கள் வளர்ந்த விதத்தைப் படம் சொல்கிறது.

அந்தக் குடியிருப்பு தானாக முளைத்த சேரி அன்று. நகரத்துச் சேரிகளில் இருந்தவர்களை அப்புறப்படுத்திக் குடியமர்த்துவதற்காக 1960களில் அரசே கட்டியது. 1966 வெள்ளத்தில் வீடிழந்தவர்களும் அங்கேயே அனுப்பப்பட்டனர். வேலை கிடைக்கும் இடமோ வெகு தூரம். லின்ஸ் வளர்ந்தது அங்கேதான். இது தெரியாமல் பார்ப்பவர் படத்தை வெறும் துப்பாக்கிக் கதையாகவே எடுத்துக்கொள்ள நேரும். தமிழ்நாட்டு வாசகருக்கு இது புதிய செய்தியும் அல்ல. சென்னைக் குடிசைவாசிகள் 2000 முதல் ஒக்கியம் துரைப்பாக்கத்துக் கண்ணகி நகருக்கு மாற்றப்பட்டதை நினைத்துப் பார்க்கலாம். வடக்குத்து முதலான நெய்வேலிப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கோ, சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டு வேறிடம் போனவர்களின் கதை வீட்டுப் பேச்சு.

கதையைச் சொல்பவன் புஸ்காபே. புகைப்படக் கலைஞனாக ஆசைப்படும் ஏழைப் பையன். அவனோடு அதே தெருவில் வளர்ந்த தாடிஞோ, சிறுவனாக இருக்கும்போதே ஒரு விடுதிக் கொள்ளையில் கண்ணில் பட்டவர்களைச் சுட்டுக் கொல்கிறான். பிறகு செ பெக்கேனோ என்ற பெயரில் வட்டாரத்தையே பிடிக்கிறான். அவனுக்கு எதிராக நிற்கும் மானே கலீஞா ஒரு நல்ல மனிதன், பேருந்து நடத்துநர். பெக்கேனோ அவன் குடும்பத்துக்கு இழைத்த கொடுமைக்குப் பழிவாங்கத்தான் எதிர்க் கும்பலில் சேருகிறான். அப்பாவிகளைக் கொல்லக்கூடாது என்பது அவன் போடும் நிபந்தனை. அது மீறப்படும் விதத்தை அடுத்தடுத்த சில கொள்ளைகளிலேயே காட்டி முடிக்கிறார்கள். படத்தின் மிகக் கூர்மையான பகுதி அதுவே.

நடிகர்களில் பெரும்பாலோர் ரியோவின் சேரிகளிலிருந்து வந்த, முன்பு நடித்தறியாத இளைஞர்கள். பல மாதப் பயிற்சிக்குப் பிறகே படப்பிடிப்பு நடந்தது. உரையாடல்களில் பல அவர்கள் தாமாகப் பேசியவை. உண்மையான குடியிருப்பில் எடுப்பது ஆபத்து என்பதால் பெரும்பகுதி வேறொரு குடியிருப்பில் எடுக்கப்பட்டது. தொடக்கக் காட்சிகளில் வெயிலின் மஞ்சள் நிறமும் நிதானமும் இருக்கும். கும்பல் போர் வளர வளர ஒளிப்பதிவு இருண்டு, ஒளிப்படக் கருவி கையில் ஆடத் தொடங்கும்.

2002 கான் விழாவில் போட்டிக்கு வெளியே திரையிடப்பட்டது. பிரேசில் அனுப்பியும் வெளிநாட்டுப் படப் பிரிவில் ஆஸ்கர் பரிந்துரை கிடைக்கவில்லை. மறு ஆண்டு இயக்கம், தழுவல் திரைக்கதை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என நான்கு பரிந்துரைகள் கிடைத்தன. அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த ராப் பாடகர் எம். வி. பில், படம் தம் மக்கள்மீது முத்திரை குத்திவிட்டதாகக் கண்டித்தார். புதுப்பேட்டை (2006), வட சென்னை (2018) ஆகிய தமிழ்ப் படங்களைப் பற்றிப் பேசுவோரும் இதே கேள்வியைச் சந்திக்கவேண்டியிருக்கிறது.

இறுதியில் புஸ்காபேயிடம் இரண்டு வகைப் படங்கள் இருக்கின்றன: பெக்கேனோவிடம் காவலர்கள் பணம் வாங்குவது ஒன்று, அவன் பிணம் மற்றொன்று. பிணத்தின் படத்தையே அவன் செய்தித்தாளுக்குக் கொடுக்கிறான். தெருவில், அவனைக் கொன்ற சிறுவர்கள் அடுத்து யாரைக் கொல்லலாம் என்று பெயர்களை அடுக்கிக்கொண்டே நடக்கிறார்கள்.