காளை இல்லாத களத்தில்

ஸ்பெயின் தேசத்தின் தென்பாகத்தில், ஆண்டலூசியாவின் மலைகளுக்கு நடுவே, ரோண்டா என்று ஒரு சிறு பட்டணம் இருக்கிறது. எந்த ராட்சதனோ கோடரியை ஓங்கி ஒரே போடாகப் போட்டுப் பிளந்துவிட்டாற்போல் ஊருக்கு நடுவில் ஒரு பெரும் பள்ளம். அதன் அடியில் குவாதலெவின் என்னும் சிறு நதி. பள்ளத்தின் இரு கரைகளையும் இணைக்கும் கற்பாலம் 98 மீட்டர் உயரமுள்ளது. 1793-ஆம் வருஷத்தில் கட்டி முடித்தார்கள். அந்தப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே பார்த்தபோது நமக்கு ஏற்பட்ட தலைச்சுற்றலைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதலாம். ஆனால் நாம் ரோண்டாவுக்குப் போனது பாலத்தைப் பார்க்க அல்ல. பாலத்திலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள காளைப்போர் அரங்கத்தைப் பார்க்கவே போனோம்.

அரங்கத்தின் வாசலிலேயே குடும்பத்துக்குள் ஒரு சிறு யுத்தம் மூண்டது.

"அப்பா, நீங்களும் அம்மாவும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். நான் வெளியிலேயே இருக்கிறேன்" என்றாள் நம் குமாரி. கல்லூரியில் படிக்கிறவள், ஒன்றை வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டால் பிறகு பிரம்மா வந்தாலும் மாற்ற முடியாது.

"இன்றைக்குப் போர் ஒன்றும் கிடையாது, அம்மா. வெறும் கட்டடத்தைத்தான் காட்டப் போகிறார்கள்" என்றோம்.

"டிக்கட் பணம் எங்கே போகிறது?" என்று கேட்டாள்.

சரித்திர உபாத்தியாயருக்கு இதற்கு உடனே பதில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நம் சகதர்மிணிதான், "வெயிலில் நின்று தலைவலியை வரவழைத்துக் கொள்ளாதே, உள்ளே நிழலாக இருக்கும், வா" என்று சொல்லி அவள் கையைப் பிடித்து அழைத்து வந்தாள். தர்க்கத்தால் ஆகாத காரியம் இப்படி ஆயிற்று.

வாசலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வெண்சுண்ணம் பூசிய நீண்ட சுவரின் நடுவே கல்லால் ஆன முகப்பு. மேலே அரச முத்திரை. அதன் கீழ் வேலைப்பாடு மிகுந்த இரும்பு மாடம். வெளியே ஒரு வெண்கலக் காளை, தலையைத் தாழ்த்தி நிற்கிறது. சற்றுத் தள்ளி ஆர்தோனியஸ் குடும்பத்தைச் சேர்ந்த தந்தை, மகன் இருவருக்கும் சிலைகள். தந்தையான கயத்தானோவின் சாயலில்தான் அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1926-இல் வெளியான தம் நாவலில் ஒரு வீரனைப் படைத்தார். மகன் அந்தோனியோ 1998-இல் காலமானபோது அவருடைய அஸ்தியை இந்தக் களத்து மணலிலேயே புதைத்தார்கள்.

சுற்றிக் காட்டுவதற்கு ஓர் அம்மாள் வந்தார். ஐம்பது வயதிருக்கும், நிதானமான ஆங்கிலம். எங்களோடு பல தேசத்து யாத்திரிகர்கள் இருபது பேர். இருண்ட ஒரு நடைவழியாக அழைத்துச் சென்று, திடீரென்று வெளிச்சத்தில் கொண்டுபோய் விட்டார். ஒரு கணம் யாரும் பேசவில்லை.

அரங்கத்தை எப்படி வர்ணிப்பது? 66 மீட்டர் குறுக்களவுள்ள வட்டமான மணல் வெளி. மஞ்சள் நிற மணல். அதைச் சுற்றி இரண்டு அடுக்குகளாகக் கல் தூண்கள், மொத்தம் 136. தூணுக்குத் தூண் வளைவு. வளைவுகளுக்கு மேல் ஓட்டுக்கூரை. மற்றப் பல ஊர்களில் பாதி ஆசனங்கள் வெயிலில் கிடக்க, இங்கே எல்லா வரிசைகளுக்கும் கூரை உண்டு. களத்துக்கும் ஜனங்களுக்கும் இடையிலுள்ள தடுப்பு, பிற அரங்கங்களில் மரத்தால் ஆனது, இங்கே கல். ஏதோ ஒரு மடத்தின் உள்முற்றத்தில் நிற்பதாகவே தோன்றும். பள்ளத்தின் மேல் பாலத்தை முடித்த மார்த்தின் தே அல்தெஹுவேலா என்னும் சிற்பிதான் இதையும் கட்டினார் என்று பொதுவாகச் சொல்கிறார்கள். 1785-ஆம் வருஷம் திறப்பு விழா நடந்தது.

"அதே 1785-இல்தான் எங்கள் மூன்றாம் சார்லஸ் மன்னர் காளையைக் கொல்லும் போர்களைத் தடை செய்து கட்டளை போட்டார்" என்று சொல்லி அம்மாள் சிரித்தார். "தர்ம காரியங்களுக்குப் பணம் சேர்க்க நடப்பவை மட்டும் நீங்கலாக. அப்புறம் ஸ்பெயினில் தர்மத்துக்குக் குறைவே இல்லை!"

இந்த வேடிக்கை நமக்குப் பிடித்திருந்தது. உண்மையில் காளைப்போரின் சரித்திரமே தடைகளின் சரித்திரமாக இருக்கிறது. 1567-இல் ஐந்தாம் பயஸ் என்னும் போப்பாண்டவர், இதை நடத்துகிறவர்களை மதப் பிரஷ்டம் செய்வதாக அறிவித்தார். ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப் அந்தச் சாஸனத்தைத் தம் நாட்டில் பிரகடனம் செய்யவே இல்லை. எட்டு வருஷத்துக்குள் அடுத்த போப்பு அதைத் தளர்த்திவிட்டார். 1805-இல் நான்காம் சார்லஸ் முற்றிலும் தடுத்தார், அதுவும் நிலைக்கவில்லை.

அந்த இரண்டாம் பிலிப் காலத்தில்தான் இந்த அரங்கத்தின் கதையும் தொடங்குகிறது. பிரபுக்கள் குதிரையேற்றத்தை மறந்து சுகவாசிகளாகிவிட்டார்கள் என்று கவலைப்பட்ட மன்னர், 1572-இல், ஊருக்கு ஊர் சங்கங்கள் அமைத்துப் பயிற்சி செய்யும்படி உத்தரவிட்டார். ரோண்டாவில் அமைந்த சங்கமே ‘ரியல் மாஎஸ்த்ரான்ஸா’ என்பது. அரங்கத்துக்குச் சொந்தக்காரர்கள் இன்றும் அவர்கள்தாம். பின்புறத்தில் அவர்களுடைய குதிரைப் பள்ளிக்கூடம் இருக்கிறது. ஒரு சாம்பல் நிறக் குதிரை, காலை எண்ணி எண்ணி வைப்பதுபோல் நடை பழகிக் கொண்டிருந்தது. நம் குமாரி அங்கே கால்மணி நேரம் நின்றாள். முகத்தில் கோபம் சற்றுத் தணிந்தது.

முற்காலத்தில் காளையோடு பொருதவர்கள் குதிரைமேல் வந்த பிரபுக்கள். தரையில் நின்று பொருதும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில்தான் வலுத்தது. அதைப் பற்றி ரோண்டாவில் ஒரு கதை வழங்குகிறது. பிரபு ஒருவர் குதிரையோடு கீழே விழுந்தார்; காளை அவர்மேல் பாய இருந்தது; பிரான்ஸிஸ்கோ ரோமெரோ என்னும் தச்சுத் தொழிலாளி தன் தொப்பியைக் கழற்றி வீசிக் காட்டிக் காளையை வேறு பக்கம் இழுத்தானாம். கதை மெய்யோ பொய்யோ, கோலில் கட்டிய சிவப்புத் துணியைக் கொண்டு காளையை எதிர்கொள்ளும் முறையை 1726-ஐ ஒட்டிப் பிரபலப்படுத்தியவர் அந்த ரோமெரோ என்பது பொதுவான கருத்து. துணி சிவப்பாயிருப்பது ஜனங்களுக்காகவே. காளைக்குச் சிவப்பு வேற்றுமை தெரியாது. துணியின் அசைவுதான் அதை இழுக்கிறது.

அவருடைய பேரர் பெத்ரோ ரோமெரோ, 1754-இல் பிறந்தவர். தொழிலில் இருந்த காலத்தில் 5,600 காளைகளைக் கொன்றதாகவும், ஒரு தடவையேனும் கொம்பு படவில்லை என்றும் சொல்லுகிறார்கள். ஏறக்குறைய 28 வருஷம். வருஷத்துக்கு 200 என்று மனத்திலேயே கணக்குப் போட்டோம். 1799-இல் விலகி, 1839-இல் தம் ஊரில் இயற்கை மரணம் எய்தினார். ஓவியர் கோயா வரைந்த அவருடைய படத்தில் முகம் அத்தனை சாந்தமாயிருக்கும். நம் ஊர்க் கணக்குப்பிள்ளை என்று சொன்னாலும் நம்பலாம். அவரோடு போட்டியிட்ட செவில் நகரத்து வீரர் பெப்பே இல்லோவுக்கு அந்த அதிருஷ்டம் இல்லை. 1801-இல் மாட்ரிட்டில், களத்திலேயே, காளையின் கொம்பில் உயிர் விட்டார். கோயாவே 1816-இல் வெளியிட்ட காளைப்போர்ச் சித்திர வரிசையில் அந்தச் சாவையும் வரைந்திருக்கிறார்.

பிறகு அம்மாள் எங்களைக் காளைகளை அடைக்கும் பட்டிக்கு அழைத்துப் போனார். நம் மனத்தில் இன்றும் நிற்பது தூண்களல்ல; இந்த இடம்தான். ஒரு மிருகம் திரும்பவும் முடியாத குறுகலான அறைகள். கனத்த மரக் கதவுகள். கதவுகளின் மேல் கயிறும் கப்பியும். மேல்தளத்தில் நிற்கும் ஆள் கயிற்றை இழுத்தால் கதவு திறக்கும். காளைக்கும் ஆளுக்கும் முகாமுகம் கிடையாது. ஒரு மாலையில் மூன்று வீரர்கள், ஆறு காளைகள். ஒவ்வொன்றும் நாலு வயதுக்கு மேற்பட்டது. ஏறக்குறைய 500 கிலோ எடை. வெட்டவெளி மேய்ச்சலில் வளர்ந்தது. இருட்டிலிருந்து இந்தக் கதவு வழியாக வெளிச்சத்துக்கு வந்தால் சுமார் இருபது நிமிஷம். முதலில் குதிரைமேலிருந்து ஈட்டி, பிறகு கழுத்தில் முள்ளுக் குச்சிகள், கடைசியில் துணியும் வாளும்.

"குதிரைகளுக்கு ஒன்றும் ஆகாதா?" என்று நம் சகதர்மிணி கேட்டாள்.

"1928 முதல் பஞ்சு வைத்துத் தைத்த கவசம் கட்டாயம். அதற்கு முன்னே..." என்று அம்மாள் கையை விரித்தார். காளைகளைவிடக் குதிரைகளே அதிகம் செத்த மாலைகளும் உண்டாம்.

அப்போது யாத்திரிகர்களில் ஒருவர், எல்லோருடைய மனத்திலும் இருந்ததைக் கேட்டுவிட்டார்: "இதெல்லாம் நியாயம்தானா?"

அம்மாள் கோபித்துக் கொள்ளவில்லை. "என் தம்பி செப்டம்பரில் இங்கே நடக்கும் கோயா விழாவுக்குப் பல மாதம் முன்பே டிக்கட்டுக்கு அலைகிறவன். என் மகள் இந்த வாசலுக்கே வரமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை இருவரும் என் வீட்டு மேஜையில் சாப்பிட வேண்டும். நான் பேச்சை மாற்றிக்கொண்டே இருப்பேன்" என்றார்.

தேசம் முழுவதும் அந்த மேஜையைப் போல்தான் இருக்கிறது. கானரித் தீவுகள் 1991-இலேயே விலக்கிவிட்டன. கட்டலோனியா சட்டசபை 2010-இல் தடை இயற்றியது. 2016-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. 2013-இல் பார்லிமெண்டு இதைத் தேசத்தின் கலாசாரச் சொத்து என்று சட்டம் செய்தது; 2024-இல் கலாசார மந்திரி, காளைப்போருக்குக் கொடுத்து வந்த தேசியப் பரிசை நிறுத்தினார். பார்ஸிலோனாவிலுள்ள ஒரு பழைய அரங்கம், முகப்பு மட்டும் அப்படியே இருக்க, உள்ளே கடைகள் நிறைந்த அங்காடியாகி 2011-இல் திறக்கப்பட்டது. அதையும் பார்த்தோம். கொலைக்களத்தைவிடச் செருப்புக் கடை மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் பார்ப்பதற்கு என்னவோபோல் இருந்தது என்பதையும் மறைக்க மாட்டோம்.

பட்டியிலிருந்து வெளியே வரும்போது குமாரி மெல்லக் கேட்டாள்: "அப்பா, 2017-இல் ஜல்லிக்கட்டுக்காக நீங்கள் உங்கள் மாணவர்களோடு மைதானத்தில் போய் உட்கார்ந்தீர்களே, அப்போது என்ன சொன்னீர்கள்?"

என்ன சொன்னோம் என்று நன்றாக ஞாபகம் இருந்தது. பாரம்பரியம் என்றோம். வெளியார் யார் நம்மைக் கேட்க என்றோம். இந்த அம்மாளின் தம்பி சொல்வதும் அதுவேதான்.

"நம் ஊரில் மாட்டைக் கொல்வதில்லையே, அம்மா. வாளும் ஈட்டியும் இல்லை, திமிலைத் தழுவுகிறான், மாடு வீட்டுக்குப் போகிறது" என்றோம்.

"அது எனக்கும் தெரியும். வித்தியாசம் இருக்கிறது என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் நீங்கள் அன்றைக்கு வித்தியாசத்தைச் சொல்லவில்லை. பாரம்பரியம் என்று மட்டும்தான் சொன்னீர்கள்."

இருபத்திரண்டு வருஷம் வகுப்பில் நின்றவருக்கு, தாம் எழுதிய விடையைத் திருத்திக் கையில் கொடுத்தாற்போல் இருந்தது. நம் சகதர்மிணி வேறு பக்கம் திரும்பித் தூண்களை எண்ணத் தொடங்கினாள். அவள் எப்போது சிரிப்பை அடக்குகிறாள் என்பது நமக்குத் தெரியும்.

கடைசியில் களத்தில் இறங்க அனுமதித்தார்கள். யாத்திரிகர்கள் நடுவில் நின்று கைக்குட்டையை வீசிப் படம் எடுத்துக் கொண்டார்கள். ஒரு சிறுவன் தலையில் விரல்களைக் கொம்பாக வைத்துக்கொண்டு தகப்பன்மேல் பாய்ந்தான். நாம் நடுவே போய் நின்றோம். சுற்றிலும் ஐயாயிரம் ஆசனங்கள், காலியாக. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரித் தூண்கள். எந்த வழியாக உள்ளே வந்தோம் என்பது மறந்து போயிற்று. வட்டத்துக்கு மூலை கிடையாது. ஒதுங்கி நிற்க ஓர் இடமில்லை.

குமாரியைக் காணவில்லை. தேடினால், அவள் மணலைக் கடந்து எதிர்ப்புறம், காளை வரும் கதவருகே நின்று கொண்டிருந்தாள். கதவு சாத்தியிருந்தது. அதன் மரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நாம் கூப்பிடவில்லை.

வெளியே வந்ததும், டிக்கட் விற்ற ஜன்னலுக்கு எதிரிலுள்ள கல் பெஞ்சியில் மூவரும் உட்கார்ந்து, செருப்புகளைக் கழற்றித் தட்டினோம். மஞ்சள் மணல் கொட்டியது. மாலகா வண்டிக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.