எல்லையோரத்தில் ஒரு வாடகை ஸ்கூட்டர்

தையல் வகுப்புக்குப் போன நம் சகோதரிகளில் 'கட்ச் வேலை' தெரியாதவர் இருக்க மாட்டார்கள். முதலில் சட்டம் மாதிரி நூலைப் போட்டுக்கொண்டு, பிறகு அதற்குள் மேலும் கீழுமாக ஊசியை விட்டுப் பின்னி எடுப்போமே, அதேதான். ஆனால் கட்ச் என்பது தையலின் பெயர் மட்டும் இல்லை, ஒரு ஜில்லா! குஜராத்தின் மேற்குக் கோடியில், பாகிஸ்தான் எல்லையை ஒட்டி இருக்கிறது. பரப்பு 45,674 சதுர கிலோ மீட்டர். இந்தியாவிலேயே பெரிய ஜில்லா இதுதான். கேரள மாநிலத்தை அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும்.

இருபது வருஷமாக அக்கம்பக்கத்தாருக்கு ரவிக்கையிலும் பையிலும் கட்ச் வேலை போட்டுக் கொடுத்து வந்த எனக்கு, அந்த ஊரை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று ஆசை. இவருக்கு லீவு கிடையாது. பெண்ணைக் கட்டிக் கொடுத்தாயிற்று, பையன் பெங்களூரில் இருக்கிறான். கூட யாரும் வரவில்லை என்பதற்காக ஆசையை மூட்டை கட்டி வைப்பதா? சீட்டுப் பணம் கைக்கு வந்ததும், 2024 டிசம்பரில் தனியாகவே கிளம்பிவிட்டேன்.

அத்தைக்குத்தான் மனசே ஆறவில்லை. "ஏட்டி, பாகிஸ்தான் பக்கமா போறே? இங்கன திருச்செந்தூருக்குப் போயிட்டு வந்தாப் போதாதா?" என்று ஒரு வாரம் புலம்பினார்கள். இவர் மட்டும், "இருட்டுறதுக்கு முன்னால ரூமுக்கு வந்திரணும், தினம் ரெண்டு வேளை போன் பண்ணணும்" என்று இரண்டே கண்டிஷன் போட்டார். திருநெல்வேலியிலிருந்து காந்திதாமுக்கு வாரம் ஒருமுறை நேர் ரயில் இருக்கிறது. அங்கிருந்து அறுபது கிலோ மீட்டர் போனால் ஜில்லாவின் தலைநகரான புஜ்.

புஜ்ஜில் முதலில் போன விடுதியில், "கூட ஜென்ட்ஸ் யாரும் இல்லையா?" என்று கேட்டுவிட்டு ரூம் இல்லை என்றார்கள். சாவிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன! அடுத்த தெருவிலேயே நல்ல ரூம் கிடைத்தது. அதனால் தனியாகப் போகிறவர்கள், 'பெண் ஒருத்திதான் வருகிறேன்' என்று போனிலேயே சொல்லி முடிவு செய்துகொள்வது நல்லது.

ஸ்கூட்டர் ஒரு நாளைக்கு 600 ரூபாய், முன்பணம் 2,000. வாடகைக்கு விட அனுமதி உள்ள வண்டியின் நம்பர் பலகை கறுப்பில் மஞ்சள் எழுத்தாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். இன்ஷூரன்ஸ், புகைச் சான்று இரண்டின் தேதியையும் பாருங்கள். வண்டியில் ஏற்கெனவே இருக்கிற கீறல்களைக் கடைக்காரர் முன்னாலேயே போட்டோ எடுத்துவிடுங்கள். புடவை வேண்டவே வேண்டாம். அந்தச் சமவெளியில் பக்கவாட்டுக் காற்று ஆளையே தள்ளுகிறது. சுடிதார் போட்டு, துப்பட்டாவை வீட்டிலேயே விட்டுவிடுவது உத்தமம். சக்கரத்தில் சுற்றினால் கழுத்துக்கே வினை.

முதல் நாள் புஜ்ஜை ஒட்டிய மாதாபர் கிராமத்துக்குப் போனேன். 1971 யுத்தத்தின்போது, டிசம்பர் 8-ம் தேதி இரவு புஜ் விமான தளத்தின்மேல் குண்டு போட்டார்கள். ஓடுபாதை பள்ளமாகிவிட்டது. அதைச் சரி செய்ய இந்தக் கிராமத்துப் பெண்கள்தான் வந்தார்கள், சுமார் 300 பேர். சங்கு ஊதினால் ஓடிப் புதரில் பதுங்குவதும், ஓய்ந்ததும் வந்து கல்லும் சிமெண்டும் சுமப்பதுமாக வேலை செய்திருக்கிறார்கள். மேலே பறக்கிறவன் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கப் பச்சை நிறச் சேலை. ஓடுபாதையை மறைக்கச் சாணி மெழுக்கு! 72 மணி நேரத்தில் வேலை முடிந்து விமானம் ஏறியது. அவர்களும் பிள்ளைகளை வீட்டில் விட்டு வந்த குடும்பப் பெண்கள்தானே. 2015-ல் அங்கே அவர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள். அதன் முன்னால் நின்றபோது, ஒரு ஸ்கூட்டரை ஓட்டிவிட்டு நான் பண்ணிக்கொண்ட அலட்டல் எனக்கே சிரிப்பாக இருந்தது.

மறுநாள் வடக்கே கவ்டா ரோடு. வழியில் கடக ரேகை கடக்கும் இடத்தில் ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தில் புள்ளி புள்ளியாக வரைந்தோமே, அதே கோடு! அதைத் தாண்டினால் பன்னி என்னும் புல்வெளி. புல்வெளி என்று பேர்தான், இரண்டு பக்கமும் நம் ராமநாதபுரத்துச் சீமைக் கருவேலம். உப்பு பரவாமல் தடுக்க 1960-களில் நட்டதாம், இப்போது புல்லையே தின்றுவிட்டது. அதற்கு அந்த ஊர்க்காரர்கள் வைத்த பெயர் 'பைத்தியக் கருவேலம்'.

பிரண்டியாராவைத் தாண்டிப் பத்து கிலோ மீட்டர் போயிருப்பேன், பின்சக்கரம் பஞ்சர். போனில் சிக்னல் இல்லை. ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. மணி பன்னிரண்டு. பயப்படவில்லை என்று சொன்னால் அது பொய். நாக்கு ஒட்டிக்கொண்டது. வண்டியைத் தள்ளிக்கொண்டு, தூரத்தில் தெரிந்த வட்டக் குடிசைகளைப் பார்த்து நடந்தேன்.

புங்கா என்று சொல்கிற மண் குடிசைகள் அவை. வட்டமாக இருப்பதால் பூகம்பத்தைத் தாங்கும். 2001 ஜனவரி 26-ல் புஜ்ஜில் மாடி வீடுகள் பொடியானபோது நல்ல புங்காக்கள் நின்றன. எருமை வளர்க்கும் குடும்பம் அது. அந்த வீட்டு அம்மாள், "ஆவோ பேன்" என்றாள். 'பேன்' என்றால் குஜராத்தியில் சகோதரி. (நமக்குத்தான் தலையில் கை போகிறது!) ஒரு செம்பு மோர், கம்பு ரொட்டி, வெல்லம். பால் வேன் மூன்று மணிக்கு வரும், அதில் வண்டியை ஏற்றிக் கவ்டாவுக்கு அனுப்புகிறேன் என்று அவர் கணவர் சொல்லிவிட்டார்.

காத்திருந்த அந்த மூன்று மணி நேரத்தை என்னால் மறக்க முடியாது. அம்மாளின் கண் என் தோள் பையில் விழுந்தது. நானே கட்ச் வேலை போட்ட பை. கையில் வாங்கியவள், பூவைப் பார்க்கவில்லை. பையைப் புரட்டி உள்பக்கத்தைப் பார்த்தாள்! முடிச்சும் வாலுமாக இருந்ததைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு தன் பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் காட்டினாள். முன் எது, பின் எது என்று சொல்ல முடியாத சுத்தம். முடிச்சே போடாமல் நூலின் நுனியைத் தையலுக்கு அடியிலேயே ஓட்டி ஆரம்பிக்கிறார்கள். என் கையைப் பிடித்துக் கற்றுக் கொடுத்தாள்.

இந்தப் பின்னல் தையலுக்குப் பெயர் என்ன என்று அரைகுறை ஹிந்தியில் கேட்டேன். "சிந்தி" என்றாள். சிந்து மாகாணம் எல்லைக்கு அந்தப் பக்கம். அவள் பாட்டி அங்கிருந்து கல்யாணமாகி வந்தவள். அந்தக் காலத்தில் உப்பைத் தாண்டிப் பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். இப்போது அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் முகம் கூடத் தெரியாது என்று சொல்லி, வடக்கே கையைக் காட்டினாள். 1971 யுத்தத்துக்குப் பிறகும் அங்கிருந்து சோடா ராஜபுத்திரக் குடும்பங்கள் இந்தப் பக்கம் வந்திருக்கின்றன. கணக்குப் பார்த்து எண்ணிப் போடுகிற 'சூஃப்' தையல் அவர்களுடையது.

கவ்டாவில் பஞ்சர் ஒட்டி, அங்கேயே தங்கி, காலையில் காலா டூங்கர் ஏறினேன். 462 மீட்டர், கட்சிலேயே உயரம். மேலே தத்தாத்ரேயர் கோவில். பசித்து வந்த நரிகளுக்குத் தன் உடம்பையே உணவாகத் தந்தார் என்பது கதை. இன்றும் நரிகளுக்கு நைவேத்தியச் சோறு வைக்கிறார்கள். அங்கிருந்து வடக்கே வெள்ளை வெளேர் என்று ரண். மழைக்காலத்தில் தண்ணீர் நின்று, குளிர்காலத்துக்குள் வற்றி, உப்பு மட்டும் மிஞ்சுகிறது. கீழே இந்தியா பாலத்துக்கு அப்பால் அனுமதி இல்லாமல் நாம் போக முடியாது. இறக்கத்தில் ஜாக்கிரதை: கியர் இல்லாத வண்டியில் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கவே கூடாது. இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடியுங்கள். வெண்மை ரணுக்குள் போக, தோர்டோ வழியில் அடையாள அட்டை காட்டி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும்.

உடம்பு விஷயம் ஒன்று சொல்லியாக வேண்டும். வழியில் கழிப்பறை இருக்காதே என்று தண்ணீரே குடிக்காமல் போகிறோம் பாருங்கள், அது மகா தப்பு. நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் அதனால்தான் வருகிறது. குடியுங்கள். பெட்ரோல் பங்க், கோவில், சாப்பாட்டுக் கடை எதைக் கண்டாலும், அவசரம் இல்லாவிட்டாலும் இறங்கிப் போய்விட்டு வாருங்கள். எனக்கு முழங்கால் வலி உண்டு. மணிக்கு ஒரு தடவை நிறுத்தி, ஐந்து நிமிஷம் நடந்தேன். பிரஷர் மாத்திரையைப் பெட்டியில் வைக்காமல் தோள் பையிலேயே வைத்திருந்தேன்.

நாலாம் நாள் லக்பத். புஜ்ஜிலிருந்து சுமார் 135 கிலோ மீட்டர். நகத்ராணாவில் டாங்கியை நிரப்பிக்கொள்ளுங்கள். வழியில் மாதா நோ மட் என்னும் ஊரில் ஆஷாபுரா அம்மன் கோவிலில் எல்லோருக்கும் சாப்பாடு போடுகிறார்கள். சூடான ரொட்டியும் பருப்பும் அமிர்தம்.

லக்பத்தில் கோட்டை இருக்கிறது, ஊர் இல்லை. 1801-ல் கட்டி முடித்த மதில் ஏழு கிலோ மீட்டர் சுற்றுகிறது. ஒரு காலத்தில் சிந்து நதியின் கிளை இந்தப் பக்கம் ஓடி, கப்பலும் வியாபாரமுமாகச் செழித்த துறைமுகம். 1819 ஜூன் 16-ல் பூகம்பம் வந்தது. நிலம் நீளத்துக்கு அணை மாதிரி எழும்பி ஆற்றை மறித்துவிட்டது. தண்ணீர் போனது, பின்னாலேயே ஜனங்களும் போய்விட்டார்கள். இப்போது கொஞ்சம் குடும்பங்கள்தான். குருநானக் தங்கியதாகச் சொல்லும் குருத்வாராவில் எனக்கு டீ கொடுத்தார்கள். மதில் மேல் எல்லைக் காவல் வீரர் ஒருவர், "அகேலி?" என்று கேட்டார். தனியாகவா என்று அர்த்தம். ஆமாம் என்றேன். காவல் சாவடிப் பக்கம் போட்டோ எடுக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

நாராயண் சரோவர் சத்திரத்தில் இரவு தங்கி, மறுநாள் பகலிலேயே புஜ் வந்து சேர்ந்தேன். நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் போனால்தான் வெயில் தாங்கும். மீட்டரில் 600 கிலோ மீட்டருக்கு மேல் காட்டியது. கடைத் தம்பி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, முன்பணத்தில் ஒரு ரூபாய் கூடக் குறைக்காமல் எண்ணிக் கொடுத்தான். ரயிலில் வரும்போதே அந்தப் பையின் தையலை முழுக்கப் பிரித்துவிட்டேன்.