தண்ணீர் குடிக்காத எலி

ஒட்டகத்தின் திமிலில் தண்ணீர் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இன்றும் உண்டு. இருப்பது கொழுப்பு. கொழுப்பு எரியும்போது தண்ணீர் உண்டாகிறதே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அதை எரிக்க ஆக்சிஜன் வேண்டும். அதற்காக விடும் மூச்சோடு நுரையீரலின் ஈரம் வறண்ட காற்றில் போய், அந்த வரவைத் தின்றுவிடுகிறது. ஒட்டகத்தைக் காப்பது சிக்கனம். தண்ணீர் கிடைக்காத நாட்களில் காலையில் 34 டிகிரி செல்சியஸ் வரை உடலைக் குளிரவிட்டு, மாலையில் 40 டிகிரியைத் தாண்டும்வரை வியர்வையைத் தள்ளிப்போடுகிறது. பாலைவன வாழ்க்கையில் வரவைவிடச் செலவைத்தான் கவனிக்க வேண்டும் என்பேன்.

இதற்கு வட அமெரிக்காவின் சோனோரா, மொஹாவி பாலைவனங்களில் வாழும் கங்காரு எலியைவிடத் தெளிவான சாட்சி இல்லை. காய்ந்த விதைகளைத் தின்றே, சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் வாழக்கூடியது அது. 100 கிராம் பார்லி உடலில் எரிந்தால் சுமார் 54 கிராம் தண்ணீர் கிடைக்கும். நாம் உண்ணும் சோறும் இப்படித்தான் தண்ணீர் தருகிறது. நமக்கு அது போதவில்லை, எலிக்குப் போதுகிறது. ஏனென்றால் அதற்கு வியர்ப்பதில்லை. பகலெல்லாம் வளைக்குள் கிடக்கும். அங்கே வெளியைவிடக் குளிர்ச்சி, காற்றில் ஈரமும் கூடுதல். மூக்கின் உட்புறம் உடலைவிடக் குளிர்ந்திருப்பதால், வெளிவிடும் மூச்சின் ஈரத்தில் பெரும்பங்கு அங்கேயே படிந்துவிடுகிறது. சிறுநீரோ, மனிதச் சிறுநீரகத்தால் முடிந்த அளவைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு அடர்த்தியானது.

க்நூட் ஷ்மிட்-நீல்சன், போடில் ஷ்மிட்-நீல்சன் என்ற விஞ்ஞானிகள் 1950 வாக்கில் இதைச் சோதித்தார்கள். எலிகளுக்குப் புரதம் மிகுந்த சோயாவைக் கொடுத்தார்கள். அதனால் சேரும் யூரியாவை வெளியேற்ற அதிகச் சிறுநீர் தேவைப்பட்டது; செலவு ஏறியதும் தண்ணீரில்லாமல் தாங்க முடியவில்லை. கடல்நீர் கொடுத்தபோது, அதைக் குடித்தே பிழைத்தன. மனிதர் குடித்தால் உடலின் நீரை மேலும் இழப்பார்கள்.

அப்படியானால் வெப்பம் எவ்வளவு ஏறினாலும் பாலைவன உயிர்கள் சமாளித்துவிடும் என்று சிலர் வாதிடக்கூடும். மொஹாவியின் நிலவரம் அதை ஏற்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விலங்கியலாளர் ஜோசப் கிரின்னெல் குழுவினர் கணக்கெடுத்த இடங்களுக்கு, ஏறத்தாழ நூறாண்டு கழித்து ஆய்வாளர்கள் மீண்டும் போனார்கள். வளையில் ஒடுங்க முடிந்த சிறு பாலூட்டிகள் பெரிதாகக் குறையவில்லை. உடலைக் குளிர்விக்கத் தண்ணீரை ஆவியாக்கியே தீரவேண்டிய பறவைகளில் பல இனங்கள், முன்பு இருந்த இடங்கள் பலவற்றிலிருந்து மறைந்துவிட்டன.